சம்பளம் என் பெயரில், ஏ.டி.எம். கார்டு அப்பா கையில்: சண்டையில்லாமல் எப்படி மாற்றுவது?

கேள்வி இது. வயது 27, சென்னையில் வேலை, பிடித்தம் போகக் கைக்கு 45,000 ரூபாய். சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு ஊரில் அப்பாவிடம் இருக்கிறது. கணக்கோடு இணைந்த செல்பேசி எண்ணும் அவருடையதுதான். அறை வாடகைக்கும் கைச்செலவுக்கும் அவர் அனுப்புவதை வைத்து மாதம் ஓடுகிறது. பைக் வாங்கலாமா என்று கேட்டால், "உனக்கு என்ன தெரியும், நான் பாத்துக்கறேன்" என்கிறார். இதை மாற்றுவது எப்படி?

முதலில் மாதத் தொகையை முடிவு செய்யுங்கள். பிறகு பேச்சு, அதன் பிறகு செல்பேசி எண். கார்டு கடைசியில். பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒருநாள் கோபத்தில் கார்டை முடக்கிப் புதியது வாங்குகிறார்கள், அப்பா ஏ.டி.எம். வாசலில் நின்று விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு பேசுவது பணத்தைப் பற்றியதாக இருக்காது.

அப்பா ஏன் கார்டை விடமாட்டேன் என்கிறார் என்பதைப் பாருங்கள். தனியார் வேலையில் இருந்தவருக்குப் பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். கடை வைத்திருந்தவருக்கும் விவசாயிக்கும் அதுவும் கிடையாது. தமிழக அரசு வேலையில்கூட 01-04-2003க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். ஆக, உங்கள் சம்பளம்தான் அவருடைய பென்ஷன். அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். "கார்டைக் கொடுங்கப்பா" என்று நீங்கள் சொல்லும்போது, "அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் நிற்கிறது" என்று அவர் காதில் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. அவர் பணம் பழகிய காலம் வேறு. 1986 முதல் 2000ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டத்தில் வட்டி 12 சதவீதம், இப்போது 7.1. அதே தொண்ணூறுகளில்தான் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997இல் வந்தது. அந்தக் காலத்தில் பணம் போட்டு இழந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். "எனக்குத் தெரியாத இடத்தில் பணத்தைப் போடாதே" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதை மதித்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இனி தொகை. "வேண்டியதைத் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். "சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு" என்றும் வேண்டாம். ரூபாயில், தேதியோடு ஒரே எண். அதைக் கண்டுபிடிக்க வீட்டுச் செலவை அம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள்: மளிகை, பால், காஸ், மருந்து, கேபிள், ஏதாவது கடன் தவணை. இத்தோடு நிறுத்திவிட்டால் மூன்றாவது மாதமே ஏற்பாடு உடையும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஒரு மாதம் லேசாகவும் அடுத்த மாதம் கனமாகவும் போகும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. மொய்யை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே மாதத்தில் நான்கைந்து கல்யாணம் வரும். அப்பாவுக்கு மொய் என்பது திருப்பிச் செய்தே ஆக வேண்டிய கடன். மொய் நோட்டில் எழுதியிருக்கிறது. அதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டால் மாத நடுவில் "ஒரு மூவாயிரம் அனுப்பு" என்று போன் வரும். நீங்கள் முகம் சுளிப்பீர்கள், அவர் பழைய ஏற்பாட்டையே கேட்பார். எனவே ஓராண்டு மொய், வரி, கரண்ட், தீபாவளி, பொங்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தொகையில் சேருங்கள்.

45,000 ரூபாய்க்கு ஒரு பங்கீடு இப்படி அமையலாம்: வீட்டுக்கு 15,000, சென்னை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 14,000, ஏற்கனவே போட்டிருக்கும் எல்.ஐ.சி.க்கு 3,000, சேமிப்பு 8,000, கைச்செலவு 5,000. வீட்டில் கடன் தலைக்கு மேல் இருந்தால் 15 என்பது 20 ஆகும், சேமிப்பு குறையும். அது பரவாயில்லை. அப்பா இதுவரை கையாண்டதைவிட இந்தத் தொகை மிகக் குறைவாக இருந்தால், ஆறு மாதத்தில் படிப்படியாக இறக்குங்கள். ஒரே மாதத்தில் பாதியாக்கினால் அவர் யாருக்கோ கொடுத்த வாக்கு தவறும். அந்த அவமானம் உங்கள் மேல் திரும்பும்.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, உங்கள் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று அவரைக் கேட்காமலே தெரிந்துகொள்வது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்தால் ஆண்டுத் தகவல் அறிக்கையில் (ஏ.ஐ.எஸ்.) வங்கி வட்டி, வைப்பு நிதி (எஃப்.டி.) வட்டி எல்லாம் தெரியும். உங்களுக்கே தெரியாத வைப்பு நிதி இருந்தால் பெரும்பாலும் அங்கே பிடிபடும். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயரில் நகைக்கடனோ தனிநபர் கடனோ, நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனோ இருப்பது வெளிவரும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். அடையாள எண்ணோடு யாருடைய செல்பேசி இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள். பதினெட்டு வயதுக்கு முன் உங்கள் பெயரில் அப்பா காப்பாளராகத் தொடங்கிய கணக்கு ஏதாவது இருந்தால், அதை மேஜர் கணக்காக மாற்றப் புதிய கையெழுத்தும் அடையாளச் சான்றுகளும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்ட கணக்குகள் பல வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றன.

பேச்சுக்கு வருவோம். சம்பளம் வந்த அன்று வேண்டாம். பைக் பேச்சு எழுந்த நாளில் வேண்டாம். மாமாவோ சித்தப்பாவோ வீட்டில் இருக்கும்போது கூடவே கூடாது. நம் வீடுகளில் அப்பாவிடம் போக வேண்டிய எதையும் அம்மா வழியாக அனுப்புவது வழக்கம். இந்த ஒன்றை மட்டும் அப்படி அனுப்பாதீர்கள். நீங்கள் சொன்னது அவர் காதுக்குப் போகும்போது "பையன் கணக்குக் கேக்கறான்" என்று மாறியிருக்கும். அப்பாவிடம் பிள்ளை கணக்குக் கேட்பதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு இல்லை. ஆகவே கடந்த நான்கு வருஷச் சம்பளம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். அந்தப் பணம் தங்கை கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ போயிருக்கும். தெரிந்தும் அதைத் திரும்பப் பெற முடியாது.

எப்படித் தொடங்கலாம்? "அப்பா, இத்தனை நாள் எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிட்டீங்க. எனக்கு ஒரு பேங்க் ஃபாரம்கூட நிரப்பத் தெரியல. இனிமே நான் பண்றேன், நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க. வீட்டுக்கு மாசாமாசம் ரெண்டாம் தேதி பதினஞ்சாயிரம் வந்துரும், நீங்க கேக்கவே வேண்டாம்." முதல் நாளே சம்மதம் வராது. "இப்ப என்ன அவசரம்" என்பார். பதிலுக்கு வாதாடாமல், "அடுத்த மாசத்துலேருந்து பண்ணலாம்பா" என்று ஒரு தேதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் அவரே இதைப் பற்றிப் பேசியிருப்பார்.

வங்கி வேலையில் வரிசை முக்கியம், ஒன்றின் ஓ.டி.பி. இன்னொன்றுக்குத் தேவைப்படும். முதலில் உங்கள் கையில் இருக்கும் சிம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக் காலத்தில் அப்பாவின் ஆதாரில் வாங்கியதாக இருந்தால், தொலைந்தால் மாற்று சிம் அவர்தான் வாங்க முடியும். கடைக்குப் போய்ப் பெயர் மாற்றுங்கள். அடுத்து ஆதாரில் உங்கள் எண்ணைச் சேருங்கள். பிறகு வங்கிக் கிளைக்கு ஆதார், பான் நகலோடு போய்ச் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்ற எழுதிக் கொடுங்கள். அதே படிவத்தில் தொடர்பு முகவரியையும் பாருங்கள்: அது ஊர் முகவரியாகவே இருந்தால் புதிய கார்டும் அங்கேதான் போய்ச் சேரும். இதை மறந்துவிட்டு மறுபடியும் அப்பாவின் கையிலிருந்து கார்டை வாங்க நிற்பவர்கள் உண்டு. பிறகு வருமான வரி இணையதளத்திலும் பி.எஃப். கணக்கிலும் எண்ணை மாற்றுங்கள். கடைசியில் நெட்பேங்கிங் கடவுச்சொல், யு.பி.ஐ., புதிய கார்டு ஆகியவை. செல்பேசி எண் மாறியதும் யு.பி.ஐ.யை மறுபடி பதிய வேண்டியிருக்கும். முதல் 24 மணி நேரத்துக்கு அனுப்பும் தொகைக்கு 5,000 ரூபாய் போலக் குறைந்த வரம்பு இருக்கும். அதனால் வாடகை கொடுக்க வேண்டிய நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கார்டையும் ரகசிய எண்ணையும் வீட்டுக்குள் பகிர்வதில் சட்டச் சிக்கலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்து அதனால் மோசடி நடந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருடையது. அப்பாவுக்கு யாரோ வங்கியிலிருந்து பேசுவதாகப் போன் செய்து ஓ.டி.பி. வாங்கிவிட்டால், போவது உங்கள் சம்பளம். இந்த வாதம் அப்பாக்களிடம் எடுபடுகிறது. அவர்மேல் குறை சொல்லாமல், திருடன்மேல் பழியைப் போடுகிறது.

சம்பளக் கணக்கு உங்களுக்கு மட்டும் என்று ஆனதும், அப்பாவோடோ அம்மாவோடோ கூட்டாக ஒரு வீட்டுக் கணக்கு தொடங்குங்கள். 'இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சம்பளக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி 15,000 தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுங்கள். பாஸ்புக் கட்டாயம் வாங்குங்கள். செயலியில் தெரியும் எண்ணைவிட வங்கி அச்சடித்த வரியை அப்பா நம்புவார். சேமிப்பை மட்டும் இந்தக் கணக்கில் வைக்காதீர்கள். இதில் இருப்பது இருவருடைய பணமும் என்றே வீட்டில் எண்ணப்படும். பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர்களிடம் வரி வாங்கமாட்டார்கள், அதை அவர்கள் வைப்பு நிதியில் போட்டால் வரும் வட்டியும் அவர்கள் வருமானம்தான்.

அடுத்து எல்.ஐ.சி. உங்களுக்கு 22 வயதானபோது சொந்தக்கார ஏஜென்ட் ஒருவருக்காக அப்பா ஒரு எண்டோவ்மெண்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) போட்டிருப்பார். ஆண்டுக்கு 36,000 கட்டி 20 வருஷம். கோபத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு கட்டிய பாலிசியைச் சரண்டர் செய்தால், அதாவது பாதியில் முடித்துப் பணத்தைக் கேட்டால், கட்டியதில் கணிசமான பகுதி போய்விடும். ஐந்து ஆண்டு கட்டியிருந்தால் 'பெய்டு அப்' ஆக்கலாம்: காப்புத் தொகை 6 லட்சம் என்றால், 20இல் 5 பங்கு, அதாவது ஒன்றரை லட்சமும் சேர்ந்த போனஸும் முதிர்வில் வரும், இனிக் கட்ட வேண்டாம். கட்டித் தீர்க்கும் காலத்தில் பாதிக்கு மேல் போயிருந்தால் முடித்துவிடுவதே நல்லது. புதிதாக ஒன்று போடச் சொன்னால் டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது) எடுத்து அம்மாவை நாமினியாகப் போடுங்கள். அப்பாவுக்கு அது பிடிக்காது. "கட்டின காசு திரும்பி வராதே" என்பார். பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டுவது போலத்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மாதச் செலவு. உண்மையில் பெரிய நஷ்டம் நிலத்தில்தான் வருகிறது. மகன் சம்பாதித்த பணத்தில் அப்பா தன் பெயரில் மனை வாங்குகிறார். அல்லது அப்பாவின் மனையில் மகன் வீட்டுக் கடன் வாங்கி வீடு கட்டுகிறான். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் எல்லா மகன், மகள்களுக்கும், அப்பாவின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு. இருபது வருஷம் தவணை கட்டியவனுக்குத் தனிப் பங்கு கிடையாது. உரிமையில் பெயர் இல்லாதவர் அந்த வீட்டுக் கடனின் வட்டிக்கு வரிச் சலுகையும் கேட்க முடியாது. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டமும் இங்கே குறுக்கே வரும். 2016 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவது விலக்கு. பெற்றோர் பெயரில் வாங்கினால் பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டுரிமையாளராக இருந்தால்தான் அந்த விலக்கு. ஆகவே "பத்திரத்தில் ரெண்டு பேர் பெயரும் போடலாம்பா" என்று கேட்பது சந்தேகப்படுவதாகாது, சட்டமே கேட்கிறது. கூட்டுப் பெயர் வேண்டாம் என்று அப்பா உறுதியாக நின்றால், பணத்தை அவருக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுத்து, அது இனி அவருடையது, எல்லோருக்கும் பங்கு போகும் என்று மனதார ஏற்றுக்கொண்டு கொடுங்கள். அரைமனதோடு கொடுத்த பணம்தான் பிற்பாடு அண்ணன் தம்பிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறது.

சில இடங்களில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைக்காதீர்கள். அப்பா அதை வட்டிக்காரரிடம் ஈடாகக் கொடுத்திருந்தால், அது திரும்பும்போது குற்றவழக்கு செக் கொடுத்த உங்கள்மேல். இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம் என்கிறது சட்டம். ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. வங்கி முதலில் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். பெரியப்பா மகனுக்காக அப்பா கேட்டால், "நாளைக்கு நான் வீட்டு லோன் போடணும்னா, ஜாமீன் இருந்தா கஷ்டம்" என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது: ஜாமீன் போட்ட கடன் உங்கள் கடன் அறிக்கையில் ஏறி நிற்கும்.

மகள்களுக்குப் பிடி இன்னும் இறுக்கம். "உன் சம்பளம் உன் நகைக்குத்தான்" என்று சொல்லி முழுச் சம்பளத்தையும் நகைச்சீட்டில் போடுவார்கள். நகையில் செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் போனபின் விற்கும்போது தங்கத்தின் எடைக்குத்தான் விலை. சேமிப்பு முழுவதும் நகையாக இருக்க வேண்டியதில்லை. வாங்கும் நகைக்கு பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். லாக்கர் அம்மா பெயரில் மட்டும் இருந்தால் உங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எது யாருடையது என்ற கேள்வி வரும்போது அந்த பில்தான் பேசும். கல்யாணமான மகளிடம் பணம் வாங்கக் கூசும் பெற்றோரும் நிறைய உண்டு. அவர்களுக்குக் கையில் கொடுப்பதைவிட மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை நீங்கள் நேரடியாகக் கட்டுவது எளிது.

அப்பா சொல்வது சரியாக இருக்கும் இடங்களையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குச்சந்தையில் எஃப் அண்ட் ஓ (பங்கின் வருங்கால விலைமேல் பந்தயம் கட்டுவது போன்ற வர்த்தகம்) விளையாடிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மாதம் மூன்று மூன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு நாற்பதை ஒட்டிய வட்டி. பொறுப்பு கைக்கு வந்த முதல் ஆறு மாதம் இந்த இரண்டையும் தொடாதீர்கள், பைக்கையும் தள்ளிப் போடுங்கள். மாதம் 8,000 சேமித்தால் ஆறு மாதத்தில் 48,000. அதைக் காட்டிவிட்டு, மீதிக்கு எவ்வளவு கடன், எத்தனை தவணை என்று எழுதிக் கொண்டுபோனால், "உனக்கு என்ன தெரியும்" என்ற பேச்சு எழாது. எந்த வண்டி வாங்குவது என்பதில் அவர் கருத்துச் சொல்லட்டும். அதற்கு இடம் கொடுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போய், நான்காவது மாதம் ஒருநாள், "கார்டை இங்கேயே குடுத்துட்டுப் போ, எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று அம்மா கேட்பார். வீட்டுக் கணக்கின் கார்டைக் கொடுங்கள். அந்தக் கணக்கின் எஸ்.எம்.எஸ். அப்பாவின் எண்ணுக்கே போகட்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி காலையில், நீங்கள் சொல்லாமலே, பணம் வந்த சத்தம் அவருக்குக் கேட்கும்.